செங்கோட்டை மரத்தொழில் மெலிந்தது எதனால்? எல்லைக்கோடா, சட்டமா, கப்பலா?

மேக்கரைக்காரன்

போன வாரம் இங்கே ஒருவர் செங்கோட்டைத் தோரண வாயில் படத்தைப் போட்டு, "ஒரு காலத்தில் மர ஊர், இப்போது பரோட்டா ஊர்" என்று எழுதியிருந்தார். எல்லாரும் சிரித்தீர்கள். சரி, சிரிப்பு இருக்கட்டும். மர ஊர் ஏன் மெலிந்தது என்று யாருமே கேட்கவில்லையே? என் பதில் ஒரு தேதிதான்: 1956 நவம்பர் 1.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதுவரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த தாலுகா. மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையில் மட்டும் ஒரு பகுதிதான் வந்தது. ஊரும் வயலும் குளமும் இந்தப் பக்கம். ஆரியங்காவும் அதைச் சுற்றிய காடும் அந்தப் பக்கம். மர வியாபாரத்தை நம்பியிருந்த ஊரிடமிருந்து மரத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். தேவிகுளம், பீர்மேடு போனதைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். நம் வாசலில் போனதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பிரானூர் மரக்கடை

தம்பி, வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. வருஷம்தான் ஒத்துவரவில்லை. எல்லைக்கோடு போட்டதும் தொழில் படுத்துவிட்டது என்றால், எங்கள் அப்பா 1960-களில் கடன் வாங்கி மில் போட்டது எதற்கு? அவர் மட்டும் விவரம் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரிந்த மில்காரர்கள் பலரும் அதே காலத்தில் தொடங்கியவர்கள்தான்.

அதற்கு முன்னால் அறுப்பு என்றால் குழி. தடியைக் குழிக்கு மேலே உருட்டி நிறுத்துவார்கள். மேலே ஒரு ஆள், குழிக்குள் ஒரு ஆள், நடுவில் நீட்டு ரம்பம். கீழே நிற்கிறவர் கண்ணில் தூள் விழாமல் இருக்கத் தலையில் துண்டைக் கண்புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொள்வார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பலகை இறங்கினாலே பெரிய காரியம். பேண்ட் சா, அதாவது மில்லில் ஓடுகிற பட்டை ரம்பம், ஓட வேண்டும் என்றால் கரண்ட் வேண்டும். பாபநாசம் மின்நிலையமே 1944-ல்தான் ஓடத் தொடங்கியது. நீங்கள் மர ஊர் என்று நினைத்து ஏங்குகிறீர்களே, மில் சத்தமும் லாரி வரிசையும் மரத்தூள் மூட்டையுமாக இருந்த அந்த ஊர், எல்லைக்கோட்டுக்கு அப்புறம் வளர்ந்த ஊர்.

காடு அந்தப் பக்கம் போனதால் மரம் நிற்கவில்லை. கேரள வனத்துறை டிப்போவில் ஏலம் போடும், நாங்கள் போய் எடுப்போம். தடியில் சுத்தியல் முத்திரை, கையில் பாஸ். மலையடிவாரத்துப் புளியரைச் சாவடியில் காட்டினால் லாரி இறங்கும். அவ்வளவுதான்.

மேக்கரைக்காரன்

அண்ணாச்சி, ஏலத்தில் போய் எடுப்பதும் நம் தாலுகாக் கச்சேரியில் வைத்தே முடிப்பதும் ஒன்றா? சொந்தக் காட்டில் இருந்தவரை நாம் விலை சொன்னோம். அப்புறம் அவர்கள் சொன்ன விலைக்கு நாம் வாங்கினோம்.

காட்டுப்பூச்சி

சொந்தக் காடா? யாருக்கு?

திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் ராஜ விருட்சம். உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது மகாராஜாவின் மரம். வெட்டினால் குற்றம். செங்கோட்டைக்காரர்கள் விலை சொன்ன காலம் என்று ஒன்று இருந்ததாக நீங்கள் சொல்வது எனக்குப் புதிதாக இருக்கிறது. விலையைச் சொன்னது அரண்மனை. எடுத்து விற்றது காண்ட்ராக்டர். ஊருக்குக் கிடைத்தது கூலி.

இன்னொன்று. காடு தமிழ்நாட்டுக்கு வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அதையும் அறுத்துத் தள்ளியிருப்போம். அந்தப் பக்கம் 1984-ல் செந்துருணி சரணாலயம் வந்தது. செங்குறிஞ்சி மரத்தின் பேரில் ஒரு சரணாலயம். அந்த மரம் உலகத்திலேயே இந்தத் தென்கோடி மலையில் மட்டும்தான் இருக்கிறது. அதில் நான்கு மரமாவது இன்று நிற்பதற்குக் காடு நம் கைக்கு வராமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். கோபப்படாதீர்கள், யோசியுங்கள்.

தேன்பொத்தை டீச்சர்

இரண்டு பேருமே காட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கணவாயைப் பாருங்கள்.

மேற்கு மலையில் வண்டி போகிற மாதிரி இடைவெளி சில இடங்களில்தான் உண்டு. பாலக்காட்டை விட்டால் தெற்கே நமக்கு ஆரியங்காவு. செங்கோட்டை அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர். இங்கே மரம் மட்டுமா போய் வந்தது? மலைக்கு மேற்கே விளைந்த மிளகும் பாக்கும் இறங்கின. நம் பக்கத்து அரிசியும் துணியும் மாடும் ஏறின. இடையில் சமஸ்தானத்தின் சுங்கச் சாவடி. 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் அரசு மூன்றும் ஒப்பந்தம் போட்டு உள்நாட்டுச் சுங்கத்தைப் பெரும்பாலும் எடுத்தார்கள். அதற்கு அப்புறம் வண்டிப் போக்குவரத்துக்கு ஒரு தடை குறைந்தது.

இப்போது மில்கள் எங்கே இருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? மலையடிவாரத்தில் புளியரையில் இல்லை. பிரானூரைச் சுற்றி, தென்காசிக்குப் போகிற வழியில் இருக்கின்றன. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறி "பார்டர் ஒண்ணு" என்றால் கண்டக்டர் பிரானூருக்குத்தான் டிக்கெட் கிழிப்பார். 1956 வரைக்கும் திருவிதாங்கூர் அங்கேதான் முடிந்தது. பிரிட்டிஷ் சீமை அங்கேதான் தொடங்கியது. கேரள எல்லை மலைமேலே கோட்டைவாசலுக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் பேர் மாறவில்லை. பழைய எல்லைக்கு ஒட்டித்தான் மரக்கடை மண்டியது என்பது என் கணிப்பு. இரண்டு அரசாங்கம் சந்திக்கிற இடத்தில் சரக்கு நின்று, எண்ணி, கைமாறும். ஆகவே எல்லைக்கோடு இந்த ஊரைக் கெடுத்தது என்று சொல்வதைவிட, எல்லைக்கோட்டினால்தான் இந்த ஊர் சம்பாதித்தது என்று சொல்வது பொருத்தம்.

கொல்லம் பாசஞ்சர்

டீச்சர் சொன்னதில் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. ரயில்!

கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் 1904. மலைப்பாதை முடியாமல் இருந்ததால் ஆரம்பத்தில் எஞ்சினைத் தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள். புனலூரிலிருந்து செங்கோட்டை வரை ஏறக்குறைய 50 கி.மீ. அதற்குள் சுரங்கங்கள், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. பின்னால் ஒரு எஞ்சின் தள்ள, முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க ஏறும். சென்னையிலிருந்து கொல்லத்துக்கு இதே வழியில்தான் குயிலான் மெயில். சிறுவயதில் ஆரியங்காவு சுரங்கத்துக்குள் ஜன்னலை மூட மறந்தால் முகமெல்லாம் கரி.

அந்தப் பாதையை அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று 2010-ல் மூடினார்கள். 2018-ல்தான் மறுபடி திறந்தார்கள். எட்டு வருஷம்! எந்த ஊர் தாங்கும்? என் ஓட்டு ரயிலுக்கு.

பிரானூர் மரக்கடை

ரயில் தம்பிக்கு ஒரு வார்த்தை. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கடைக்குத் தடி ரயிலில் வந்ததே இல்லை. டிப்போவில் ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, வேகனில் ஏற்றி, செங்கோட்டையில் இறக்கி, மறுபடி வண்டியில் ஏற்றி மில்லுக்கு. ஒரே தடிக்கு எத்தனை தடவை சுமட்டுக்கூலி? லாரி என்றால் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. பாட்டன் காலத்தில் ரயிலில் போயிருக்கும். 2010-ல் மூடியதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பாதை அழகு, அதில் சண்டை கிடையாது.

டீச்சர் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் சொல்வது சரி. இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். ஏன் கேரளத்துத் தடியை இங்கே கொண்டுவந்து அறுத்தார்கள்? புனலூரில் மில் இல்லையா? இருந்தது. ஆனால் இங்கே கூலி குறைவு, வேலையாள் தாராளம். அந்தப் பக்கம் சுமட்டுத் தொழிலாளர் சங்கம் பலமானது. 1978-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. தொழிலாளிக்கு அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. பிற்பாடு பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் கூலி, நோக்குக்கூலி என்று கேட்கத் தொடங்கி, 2018-ல் அரசாங்கமே அதைத் தடை செய்தது. இடைப்பட்ட காலம் முழுக்க வியாபாரி என்ன நினைப்பான்? தடியை எல்லை தாண்டி இறக்கி அறுத்தால் மிச்சம் என்று நினைப்பான். எல்லை எங்களுக்குச் சோறு போட்டது, தம்பி.

அறுப்புக்காரர் பேரன்

மரக்கடை அண்ணாச்சி "கூலி குறைவு" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். அந்தக் குறைவான கூலியை வாங்கினவர் என் தாத்தா. குழிக்குள் நின்ற ஆள் அவர்தான்.

மர ஊர், மர ஊர் என்று ஆளாளுக்குப் பெருமை பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை இருமலாக இருந்தது. மில் வந்த பிறகு என் பெரியப்பா பேண்ட் சாவில் தடி தள்ளினார். வலது கையில் ஒரு விரல் குறைவு. எந்த மில் என்று எழுத வேண்டியதில்லை, அந்த மில் இப்போது இல்லை. அப்போது கையுறையும் கிடையாது, காப்பீடும் கிடையாது. தீபாவளிக்கு ஒரு வேட்டி, மரத்தூள் இலவசம். மரத்தூள் அடுப்புத் தெரியுமா? தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்தி அடைத்து, பாட்டிலை உருவி எடுத்துவிட்டுக் கீழே துவாரத்தில் தீ வைப்பார்கள். நின்று எரியும். எங்கள் தெரு முழுக்க அந்த அடுப்புதான். அதுதான் எங்கள் பங்குக்கு வந்த மர ஊர்.

காட்டுப்பூச்சி

பேரன் சொன்னதோடு யானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துக் கூப்பில், அதாவது மரம் வெட்டுகிற காட்டில், யானைக்குச் சேணம் கட்டமாட்டார்கள். தடியின் முனையில் துளை போட்டு வடத்தைக் கோத்து, வடத்தின் மறுமுனையை யானை பல்லில் கடித்துக்கொண்டு இழுக்கும். பழைய உத்தரங்களின் ஓரத்தில் சில நேரம் அந்தத் துளை தெரியும். வீட்டுக்காரர் அதைச் சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்.

மேக்கரைக்காரன்

எல்லாரும் நல்லா எழுதுகிறீர்கள், ஆனால் யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எல்லை சோறு போட்டது, ரயில் காரணமில்லை, கூலி குறைவு. எல்லாம் சரி. பின்னே ஏன் மெலிந்தது? அண்ணாச்சி, உங்கள் அப்பா போட்ட மில்லில் அன்றைக்கு எத்தனை ரம்பம் ஓடியது, இன்றைக்கு எத்தனை ஓடுகிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

பிரானூர் மரக்கடை

எண்ணிக்கை சொல்ல மாட்டேன், வருமான வரிக்காரர்களும் இந்தத் தளத்தைப் படிக்கலாம்.

காரணம் சொல்கிறேன். படிப்படியாக வந்தது. முதலில் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். அதற்கப்புறம் கேரளத்தில் இயற்கைக் காட்டில் மரம் தேர்ந்தெடுத்து வெட்டுவதை அந்தப் பத்தாண்டுக்குள் நிறுத்தினார்கள். நட்டு வளர்த்த தேக்குத் தோட்டத்து மரம் மட்டும் ஏலத்துக்கு வந்தது. கோங்கு, வேங்கை, அயினி, தம்பகம் என்று கலந்து வந்த லாரி நின்றது. 1994-ல் தமிழ்நாட்டில் ஈட்டிக்குத் தனிச் சட்டம். கடைசியாக 1996 டிசம்பர் 12. கோதவர்மன் வழக்கு என்பார்கள். கூடலூர்ப் பக்கத்துக் காடு வெட்டியதில் தொடங்கிய வழக்கு, உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் காட்டுக்குள் இஷ்டத்துக்கு வெட்டுவதை ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டது. காட்டை ஒட்டிய மில்களுக்கு உரிமம், கணக்கு, ஆய்வு என்று எல்லாம் இறுகியது. புது மில்லுக்கு அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பு.

இதில் எங்கே 1956? ஒரு சட்டமும் எல்லைக்கோட்டைப் பார்த்து வரவில்லை. காடு நம் பக்கமே இருந்திருந்தாலும் இதே 1980, இதே 1996. இன்னும் கெடுபிடியாகக்கூட இருந்திருக்கும். முண்டந்துறையைப் பாருங்கள், களக்காட்டோடு சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம். அங்கே யாராவது தடி இறக்க முடியுமா?

மேக்கரைக்காரன்

அது சட்டத்தின் கதை. நான் சொல்வது அதிகாரத்தின் கதை. காடு நம் வட்டத்தில் இருந்திருந்தால் தேக்குத் தோட்டமும் நம் வட்டத்தில் இருந்திருக்கும். ஏலம் இங்கே நடந்திருக்கும். வனத்துறை அலுவலகம், டிப்போ, அதை நம்பி கடை, லாட்ஜ், அச்சகம் என்று ஒரு ஊரே நடந்திருக்கும். புனலூரைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே காகித ஆலை, அப்புறம் பிளைவுட் தொழிற்சாலை. நம் ஊர் வாஞ்சிநாதனே வேலை பார்த்தது எங்கே? புனலூரில், சமஸ்தான வனத்துறையில். செங்கோட்டைப் பையனுக்குக் காட்டு இலாகா உத்தியோகம் வீட்டிலிருந்து ஒரு ரயில் தூரத்தில் இருந்தது. 1956-க்குப் பிறகு அது வேற்று மாநில உத்தியோகம்.

தேன்பொத்தை டீச்சர்

வாஞ்சியை இழுத்ததற்கு நன்றி, ஆனால் உங்கள் வாதத்துக்கு அவர் சாட்சி இல்லை. 1911-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டபோது தாலுகா முழுசாக இருந்தது, காடு முழுசாக இருந்தது. அப்போதும் காட்டு இலாகா உத்தியோகத்துக்குப் புனலூருக்குத்தான் போனார். தலைமை அலுவலகம் அன்றைக்கே மலைக்கு அந்தப் பக்கம். காகித ஆலையும் ராஜா காலத்தில் வந்ததுதான். திருவனந்தபுரத்துக்கு நாம் எப்போதும் கடைக்கோடி.

மேக்கரைத் தம்பி விடாமல் பிடித்திருப்பதில் ஒரு நியாயம் எனக்குப் புரிகிறது. ஊரின் குணம் மாறியது என்கிறார். அது உண்மை. ஆனால் மரத்தால் மட்டும் அல்ல. இந்த ஊரில் பழைய பத்திரங்களை மலையாளத்தில் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. மார்கழி பிறந்தால் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து ஆரியங்காவு வழியாக இறங்கி, செங்கோட்டையிலும் தென்காசியிலும் வரவேற்பு வாங்கி, நம் பக்கமாகச் சுற்றித்தான் மறுபடி மலையேறுகிறது. கேரளத்துக் கோயில், கேரளத்து நகை, வழி மட்டும் தமிழ்நாடு! அந்தச் சுற்றுவழியை யாரும் மாற்றவில்லை. மரம் போனது, இந்தப் போக்குவரத்து போகவில்லை.

கொல்லம் பாசஞ்சர்

லாட்டரிச் சீட்டை விட்டுவிட்டீர்களே டீச்சர். அதுவும் போக்குவரத்துதான்.

அறுப்புக்காரர் பேரன்

கணவாயில் இப்போது எது போகிறது என்று புளியரையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காய்கறி, வைக்கோல், கோழி, பால். அப்புறம் டாரஸ் லாரி லாரியாக எம்-சாண்டும் கல்லும். முன்னே மரத்தைக் கீழே இறக்கினார்கள், இப்போது இங்கிருந்து கல்லை மேலே ஏற்றுகிறார்கள். மில் முதலாளிகளில் சிலர் அந்தத் தொழிலுக்கே போய்விட்டார்கள் என்று கேள்வி. மரத்துக்காவது சுத்தியல் முத்திரை இருந்தது.

காட்டுப்பூச்சி

இதற்கு நூறு லைக்.

பிரானூர் மரக்கடை

கல் லாரியை என் கணக்கில் எழுதாதீர்கள், பேரா. நான் இன்னும் மரம்தான் விற்கிறேன்.

மில் முழுக்கச் செத்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மரம் வருகிற திசைதான் மாறியது. முன்னே மேற்கே இருந்து வந்தது, இப்போது கிழக்கே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வருகிறது. மலேசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து பைன். பர்மாத் தேக்கு தடியாக வந்துகொண்டிருந்தது, 2014 ஏப்ரல் முதல் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கேரளத்திலிருந்து வருவது ரப்பர் மரம், பேக்கிங் பெட்டிக்கு. மெதுமரம் கோவில்பட்டி, சிவகாசித் தீக்குச்சிக்கு. துறைமுகத்திலிருந்து வருகிற சரக்குக்குச் செங்கோட்டை என்ன, திருநெல்வேலி என்ன, எல்லாம் ஒன்றுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு லாரி வாடகை மிச்சம். எங்களை மெலிய வைத்தது அதுதான். சட்டம் பாதி, கப்பல் பாதி. 1956-க்கு அதில் பங்கே இல்லை.

மேக்கரைக்காரன்

பங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏலக் காசு எந்தக் கஜானாவுக்குப் போகிறது என்று பாருங்கள்.

புதுவீடு இலஞ்சி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதுவரை படிக்க மட்டும் செய்தேன். இலஞ்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வாசல் நிலைக்குக் கோங்கு போடலாம் என்று ஆசாரி சொல்கிறார். மரக்கடை அண்ணாச்சி, இப்போது உள்ளூர்க் கோங்கு கிடைக்குமா? தடியாக வாங்கினால் லாபமா, அறுத்த சட்டமாக வாங்கினால் லாபமா? கன அடிக் கணக்கு ஒன்றும் புரியவில்லை.

பிரானூர் மரக்கடை

அம்மாவோ ஐயாவோ, இவ்வளவு நேரம் பேசியதில் உருப்படியான கேள்வி இதுதான்.

கடையில் கோங்கு என்று விற்பது இன்றைக்குப் பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வருவது. மோசமில்லை, நிலைக்குத் தாங்கும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் நாட்டுக் கோங்குச் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள், ஆணி இறங்காத அளவுக்கு இறுகியிருக்கும். ஆசாரி முனகுவார், பரவாயில்லை.

தடிக் கணக்கு இப்படி. தடியின் நடுவில் சுற்றளவு பிடிக்க வேண்டும். அதை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 12 அடி நீளம், 5 அடி சுற்றளவு என்றால், நான்கில் ஒன்று 1.25. அதை அதாலேயே பெருக்கினால் 1.5625. நீளம் 12-ஆல் பெருக்கினால் 18.75 கன அடி. அதே தடியை முழு உருளையாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 23.9 வரும். அந்த வித்தியாசம் உங்களுக்கு விட்ட சலுகை மாதிரித் தெரியும். ஆனால் பட்டை, வெள்ளை என்கிற ஓரத்து மெதுக்கட்டை, ரம்பத் தூள் எல்லாம் அதிலிருந்துதான் கழியும். சில தடியில் அதைவிடவும் கூடுதலாகக் கழியும், நடுவில் பொத்தல் இருந்தால் போச்சு. நிலை ஒன்றுக்குத் தடி வாங்காதீர்கள். வீடு முழுக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் போடுவதாக இருந்தால் மட்டும் தடி லாபம். அதுவும் கூட நின்று அறுத்தால்.

சட்டமாக வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை ஓடுகிறதா? வைரம் என்கிற உள்கட்டையோடு வெள்ளையும் சேர்ந்து வந்தால் பூச்சி அங்கேதான் தொடங்கும். வேறொரு சட்டத்தின் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், முறுக்கு இருந்தால் தெரியும். பச்சையா காய்ந்ததா என்று கேளுங்கள், கடைக்காரன் காய்ந்தது என்பான், நானும் அப்படித்தான் சொல்வேன், கையில் தூக்கிப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

மேக்கரைக்காரன்

பார்த்தீர்களா? இலஞ்சியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை தெரிகிறது. அந்த மலையில் கோங்கு நிற்கிறது. நிலைக்கு மலேசியா.

காட்டுப்பூச்சி

நிற்கட்டுமே. கருங்கோங்கு இந்தத் தென்மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. அதை அறுத்து ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டுமா?

மேக்கரைக்காரன்

அறுக்கச் சொல்லவில்லை ஐயா. கேட்பதற்கு நமக்கு உரிமை இருந்திருக்கும் என்கிறேன்.

புதுவீடு இலஞ்சி

அண்ணாச்சி, சட்டமாகவே வாங்கிக்கொள்கிறோம். இந்த வாரம் வந்தால் பார்க்கலாமா?

பிரானூர் மரக்கடை

ஆசாரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அளவுச் சீட்டு இல்லாமல் வராதீர்கள். அடி, அங்குலத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள், சென்டிமீட்டரில் எழுதினால் மில்லில் திருப்பிக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் ரம்பம் தீட்டுகிற நேரம், அறுப்பு இருக்காது. சனிக்கிழமை காலை வாருங்கள்.